பழைய மடிக்கணினிக்குச் செலவு செய்யலாமா?

பழுதான மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துச் செல்லும் முன், அதன் பிராசஸர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று பாருங்கள். இன்டெல் ஐ5-7200யு என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவது) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐயோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. ஆகவே அதற்கும் பழைய கணினி என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இலவச இயங்குதளத்துக்கு மாற உங்களுக்குச் சம்மதமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, பழுது எந்த உறுப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினி மெதுவாக இயங்குகிறது என்பது மட்டுமே குறையானால், அதைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். கணினியின் எந்த உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை விண்டோஸில் திறந்து பாருங்கள். எந்த வேலையும் கொடுக்காதபோதும் டிஸ்க் பயன்பாடு நெடுநேரம் 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதே இடத்தில் சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை (2.5 அங்குல சாட்டா வகை) பொருத்தி, 4 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்கினால், அதே கணினியா என்று நீங்களே வியப்பீர்கள். மெலிதான சில மாடல்களில் ரேம், கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்கும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சார்ஜர், கீபோர்டு, பேட்டரி ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றலாம். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால், அழுத்தியோ குத்தியோ பார்க்காமல், உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

மதர்போர்டு பழுதுதான் சிக்கலானது. தண்ணீரோ காபியோ கொட்டி அரிப்பு பரவிய போர்டில் ஒரு சிப்பை மாற்றிச் சரிசெய்தாலும், மற்றோர் இடம் எப்போது கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுத்தில் தராத கடையில் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

செலவை, நீங்கள் அன்று கொடுத்த விலையோடு ஒப்பிடக் கூடாது. பயன்படுத்திய அதே மாடல், நல்ல நிலையில் இருந்தால், இன்று என்ன விலைக்குப் போகிறது என்று சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் விசாரியுங்கள். பழுதுச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நான் கைவிட்டுவிடுவேன். அப்படிக் கைவிடும்போதும், கழற்றக்கூடிய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், அதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறொரு கணினியில் இணைத்துப் படங்களையும் ஆவணங்களையும் எடுத்துக்கொண்ட பிறகே கணினியை விற்க வேண்டும்.