துணி பார்க்க இத்தாலி போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பத்துப் பன்னிரண்டு நாள் படிப்புப் பயணமாக இத்தாலி போய்வந்த ஃபேஷன் மாணவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கடைப் பெயர்கள்தான் வரும். மிலானில் மோன்தே நெப்போலியோனே தெரு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கைப்பை, விலைச்சீட்டின் படம். இதற்கு விமானம் ஏறியிருக்க வேண்டாம், கைபேசியிலேயே பார்த்திருக்கலாம்.

இத்தாலிய ஃபேஷன் என்றாலே மிலான் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. இந்தக் கதையில் மிலான் கடைசியில் வருகிற ஊர். 1951 பிப்ரவரி 12 அன்று ஜொவான்னி பத்திஸ்தா ஜோர்ஜினி என்ற வணிகர், ஃபுளோரன்ஸில் தன் வீட்டுக்கே அமெரிக்கக் கடைகளின் கொள்முதல்காரர்களை வரவழைத்து இத்தாலிய உடைகளைக் காட்டினார். பாரிஸில் உடை வாங்கிப் பழகிய கூட்டம் அது. அடுத்த ஆண்டே அந்தக் காட்சி பித்தி அரண்மனையின் வெள்ளை மண்டபத்துக்கு மாறியது. ஆயத்த உடை பெருகிய 1970களில்தான் மிலான் முன்னுக்கு வந்தது. ஆகவே ஃபுளோரன்ஸுக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஃபுளோரன்ஸுக்குப் போனாலும் துணியை அருங்காட்சியகத்துக்குள் மட்டும் தேடக் கூடாது. அந்த ஊரே துணிக் காசில் எழும்பியது. அங்குள்ள பெரிய கோயிலை, அதாவது கதீட்ரல் தேவாலயத்தைக் கட்டி முடிக்கும் பொறுப்பு 1331இல் கம்பளி வணிகர் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் சின்னமான ஆட்டுக்குட்டியைக் கோயில் சுவரிலேயே காணலாம். அந்தக் கோயிலின் குவிமாடத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வடிவமைத்த அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் பணம் கொடுத்தது பட்டு வணிகர் சங்கம். 1378இல் சங்க உரிமை எதுவும் இல்லாத கம்பளித் தொழிலாளிகள் கிளர்ந்தெழுந்து, சில வாரங்கள் நகர ஆட்சியையே பிடித்து வைத்திருந்தார்கள். இதெல்லாம் தெரியாமல் போனால், குவிமாடத்தின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அப்புறம் ஓவியங்கள். ஃபுளோரன்ஸின் உஃபிட்சி ஓவியக்கூடத்தில், புரொன்சினோ என்ற ஓவியர் 1545 வாக்கில் வரைந்த, அந்நகர ஆட்சியாளரின் மனைவி எலெயனோரா சீமாட்டியின் படம் இருக்கிறது. வெள்ளைப் பட்டில் கறுப்பு வெல்வெட் கொடிகள், நடுவில் தங்க ஜரிகையில் மாதுளை. ஜரிகையின் ஒவ்வொரு சுருளையும் எண்ணிவிடலாம் போலத் தீட்டியிருப்பார். 1562இல் இறந்தபோது அதே உடையோடுதான் அவரைப் புதைத்தார்கள் என்று நெடுங்காலம் நம்பி வந்தார்கள். கல்லறையிலிருந்து எடுத்த உடை இப்போது பித்தி அரண்மனையின் ஆடை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அது வேறு உடை. ஓவியத்தை அப்படியே ஆவணமாக எடுத்துக்கொள்ளும் மாணவர் இங்கேதான் சறுக்குகிறார். ஓவியன் துணியின் மினுக்கத்தைக் காட்டுவான். நீளவாக்கில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது, தையல் எங்கே போகிறது என்பதற்குத் துணியேதான் வேண்டும்.

ஆனால் அந்தத் துணி நீங்கள் போகும் அன்று கண்ணில் படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய துணிக்கு வெளிச்சம் ஆகாது, சாயம் வெளிறும், இழை நைந்துபோகும். அதனால் ஏறக்குறைய 50 லக்ஸ் என்ற மங்கல் ஒளியில்தான் வைப்பார்கள், அதுவும் சில மாதங்களுக்குத்தான். பிறகு அதை இருட்டறைக்கு அனுப்பிவிட்டு வேறொன்றை வெளியே வைப்பார்கள். குறிப்பிட்ட ஓர் உடைக்காகவே போகிறீர்கள் என்றால், அது இப்போது வெளியே இருக்கிறதா என்று மாதக்கணக்கில் முன்பே எழுதிக் கேளுங்கள். அரை இருட்டில் கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். "ஒன்றுமே தெரியலையே" என்று இரண்டாவது நிமிடத்தில் வெளியேறும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆகஸ்ட். நான் முதல் தடவை போனது அந்த மாதத்தில்தான். கல்லூரி விடுமுறைக்குத் தோதாக இருக்கிறது என்று ஒரு பயண முகவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி அங்கே ஆலைகளும் சிறு பட்டறைகளும் வாரக்கணக்கில் மூடிவிடும். பூட்டிய கதவில் ஒட்டியிருந்த விடுமுறை அறிவிப்புத் தாளைத்தான் படம் எடுத்து வந்தேன். உஃபிட்சியும் பித்தியும் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குள் நேரே நுழைந்து பார்த்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். வெனிஸில் பெவிலாக்வா குடும்பத்தின் நெசவுக்கூடத்தில் 18ஆம் நூற்றாண்டுத் தறிகளில் இன்றும் வெல்வெட் நெய்கிறார்கள். பார்க்க முன்பதிவு வேண்டும். மெல்லிய கம்பிகளைச் செருகிப் பாவு நூலை வளையங்களாக எழுப்பி, சில வளையங்களை வெட்டி, சிலவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உயரத்தில் வரும் அந்த வேறுபாடுதான் பூவாகத் தெரிகிறது. ஒரு நாள் முழுக்க நெய்தால் 30 செ.மீ. அளவுக்குத்தான் வரும். இதை நின்று பார்க்கும் அரை மணி நேரம், பத்துக் கடைகளைச் சுற்றுவதைவிட மேல். அதே வெனிஸின் ஜூதெக்கா தீவில் இருக்கும் ஃபோர்த்துனி ஆலையோ வேறு ரகம். காட்சிக்கூடம் வரை விடுவார்கள், எந்திரங்களை வெளியாட்களுக்குக் காட்டுவதில்லை. ஆலையைத் தொடங்கிய மரியானோ ஃபோர்த்துனி காலத்து ரகசியம், கோபித்துக்கொண்டு பயனில்லை.

'மேட் இன் இத்தாலி' சீட்டைப் பார்த்ததும் பஞ்சிலிருந்து பொத்தான் வரை எல்லாம் அந்த மண்ணில் விளைந்தது என்று நம்புவது இன்னொரு தவறு. கடைசியாக நடந்த முக்கியமான செய்முறை எங்கே நடந்தது என்பதைத்தான் அந்தச் சீட்டு சொல்கிறது. பட்டுக்குப் பேர்போன ஏரிக்கரை ஊரான கோமோவின் பட்டுக்குக் கச்சா நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. நெசவும் அச்சும் மெருகேற்றலும்தான் கோமோவின் கைவண்ணம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழில் அப்படி மாறியிருக்கிறது. ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அங்குள்ள பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனால், பழைய எந்திரங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

பயணத் திட்டத்திலிருந்து முதலில் வெட்டப்படும் ஊர் பிராத்தோ. அழகான ஊர் இல்லை என்பார்கள். ஃபுளோரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். என்னைக் கேட்டால், ஒரே ஒரு ஊர்தான் போக முடியும் என்றால் அங்கேதான் போகச் சொல்வேன். துணி அருங்காட்சியகமே ஒரு பழைய ஆலைக்குள் இருக்கிறது. 1410இல் இறந்த பிரான்செஸ்கோ தாத்தீனி என்ற வணிகர் விட்டுச்சென்ற சுமார் 1,50,000 கடிதங்கள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. பழைய கம்பளித் துணியைக் கையால் நிறவாரியாகப் பிரித்து, கிழித்து, மறுபடி நூலாக்குவது இங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடக்கும் தொழில். நிறத்தைப் பிரித்துவிடுவதால் பல நேரம் மறுசாயம் தேவைப்படாது. 1990களிலிருந்து சீனர்கள் நடத்தும் தையல் பட்டறைகளும் இங்கே பெருகின. 2013 டிசம்பரில் அப்படியொரு பட்டறை எரிந்து, உள்ளேயே தங்கியிருந்த 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். கேளுங்கள்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 90 நாளுக்கு உட்பட்ட பயணத்துக்கு ஷெங்கன் குறுகிய கால விசா போதும், 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். உள்ளூர் ரயிலின் காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் எந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம். நடைபாதையில் விற்கும் போலிப் பைகளை வாங்கினால் வாங்கியவருக்கும் அபராதம், 7,000 யூரோ வரை போகும். வெனிஸை ஒட்டிய புரானோ தீவில் மலிவாகக் கிடைக்கும் லேஸ் கையால் பின்னியதாக இருக்காது. இழைகளை எண்ண உதவும் சிறு உருப்பெருக்கியான பிக் கிளாஸ் ஒன்று எடுத்துப் போங்கள், குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு போங்கள். ஆவணக் காப்பகங்களில் பேனாவை உள்ளே விட மாட்டார்கள்.

கடைசியாக ஜெனோவா. பெரும்பாலான குழுக்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவுரிச் சாயம் ஏற்றிய லினன் துணியில் கிறிஸ்துவின் பாடுகளை வரைந்த 16ஆம் நூற்றாண்டுத் திரைகள் அங்கே மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜீன்ஸ் என்ற பெயரே இந்த ஊர்ப் பெயரிலிருந்து பிறந்தது. அந்த ஊர்ப் பெண்கள் தலையையும் தோளையும் சுற்றிப் போர்த்திய 'மெத்ஸரோ' என்ற பெரிய அச்சுத்துணியில் கிளை விரித்து நிற்கும் மரம், நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சாயத்துணிகளைப் பார்த்து எழுந்தது. மெத்ஸரோ பார்க்க ஆசை என்றால் அதற்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அதுவும் பருத்தித்துணிதான், இருட்டறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கலாம்.