பருந்தின் விரல் இறகுகளை அட்டையில் வெட்டிப் பார்ப்போம்

எங்கள் தெரு மீன்கடைக்கு மேலே மதியம் ஆனால் கரும்பருந்துகள் வட்டமிடும். இறக்கையை அசைக்காமல் அவை திரும்பும்போது நுனியை மட்டும் பாருங்கள். ஐந்தாறு இறகுகள் விரித்த விரல்கள் மாதிரி பிரிந்து நிற்கும். முன்னால் இருக்கும் இறகு மற்றவற்றைவிட அதிகமாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவைத்தான் விசிட்டிங் கார்டில் செய்யப்போகிறோம். அக்கா பிள்ளைகளோடு மூன்று விடுமுறைகளாக இதைச் செய்துவருகிறேன்.

பறக்கும் இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் கூடுதல், மேலே குறைவு. அதனால் நுனியில் கீழ்க்காற்று ஓரத்தைச் சுற்றி மேலே ஏறும்; அதுவே சுழலாகிப் பின்னால் நீளும். அந்தச் சுழலுக்குப் போகும் ஆற்றல், விமானமானால் எரிபொருள்; பருந்தானால் அது தின்ற மீன். விரல் இறகுகள் இந்த இழப்பைக் குறைக்கின்றனவா என்றுதான் பார்க்கப்போகிறோம்.

முதலில் சுழலைக் கண்ணால் பாருங்கள். டேபிள் ஃபேன் காற்று தானே சுழன்று வரும். ஆகவே இருபுறமும் திறந்த அட்டைப்பெட்டிக்குள் ஸ்ட்ராக்களை நெருக்கி அடுக்கி, அதை ஃபேனுக்கு முன் வையுங்கள், காற்று நேராகும். ஃபேன் குறைந்த வேகத்தில் ஓடட்டும். தெர்மாகோல் துண்டின் முன் விளிம்பைச் சற்றே தூக்கிப் பிடித்து, அதன் நுனிக்கு அருகே ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். நேராகப் போகும் புகை, நுனியைத் தாண்டியதும் முறுக்கிய நூல்போலச் சுருளும். முதல் முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

இனி கிளைடர். இறக்கைக்கு 50 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் மெல்லிய தெர்மாகோல். உடலுக்கு 40 செ.மீ. மூங்கில் குச்சி, வாலுக்கு அட்டை. ஒட்டுவதற்கு பெவிகால்தான், பெவிக்விக் தெர்மாகோலைக் கரைத்துவிடும். இறக்கையை நடுவில் கீறி, இரு நுனிகளும் 3 செ.மீ. உயரும்படி மடித்து ஒட்டுங்கள். இறக்கை அகலத்தில் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரல் வைத்தால் சமமாக நிற்கும்வரை மூக்கில் களிமண் சேருங்கள்.

நுனிகளுக்கான விசிட்டிங் கார்டுகளை 8 செ.மீ. அகலத்துக்கு நறுக்கி, இரு பக்கமும் 4 செ.மீ. வெளியே நீட்டி செல்லோடேப்பால் ஒட்டுங்கள். வெட்டாத தட்டை அட்டையோடு பத்து முறை பறக்கவிட்டுத் தூரத்தைக் குறியுங்கள். பிறகு அதே அட்டையில் நான்கு கீறல் போட்டு ஐந்து விரலாக்கி, முன் விரலை 40 பாகை, அடுத்தவற்றை 30, 20, 10 என மேலே வளையுங்கள். கடைசி விரல் தட்டையாகவே இருக்கட்டும். இப்போது எடையும் மாறவில்லை, இறக்கை நீளமும் மாறவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. முதல் வருடம் நான் வெறும் இறக்கையையும் விரல் ஒட்டிய இறக்கையையும் ஒப்பிட்டேன். விரல் வைத்தது தூரமாகப் போனதும் பிள்ளைகள் குதித்தார்கள். உண்மையில் இறக்கை 8 செ.மீ. நீண்டிருந்தது, நீளம் கூடினாலே நுனிச் சுழலின் இழுவை (பின்னுக்கு இழுக்கும் விசை) குறையும். பிள்ளைகளிடம் தவறான விடையைச் சொல்லிவிட்டேனே என்று வருந்தி, அடுத்த வாரமே கூட்டிவைத்துத் திருத்தினேன்.

அப்படியானால் விமானத்துக்கும் நீளத்தையே கூட்டலாமே? விமான நிலையத்தில் நிறுத்த இடம் வேண்டுமே. ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் நிற்கும் வகை இடங்களுக்கு இறக்கை அகல எல்லை 36 மீட்டர். ஷார்க்லெட் என்னும் மேல்நோக்கிய நுனித்தகடு பொருத்திய ஏ320-இன் அகலம், இறக்கை நுனிக்கு நுனி, 35.8 மீட்டர். அதனால்தான் நுனி மேலே திரும்புகிறது. நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் 1970-களில் வடிவமைத்த நுனித்தகடுகளை கேசி-135 என்ற அமெரிக்க ராணுவ விமானத்தில் 1979–80-இல் சோதித்தபோது எரிபொருள் சிக்கனம் சுமார் 6.5 விழுக்காடு கூடியது. பறவைப் பக்கம், வான்ஸ் டக்கர் என்ற ஆய்வாளர் ஒரு ஹாரிஸ் பருந்தைக் காற்றுச் சுரங்கத்தில் (காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூண்டில்) மிதக்கவிட்டு, நுனி இறகுகளை நறுக்கியபின் இழுவை கூடியதை 1995-இல் வெளியிட்டார்.

பறக்கவிட மூடிய கூடமே நல்லது. மொட்டை மாடிக் காற்று எல்லாக் கணக்கையும் குலைத்துவிடும். ஒரே ஆள், தோள் உயரத்திலிருந்து, தள்ளாமல் மெல்ல விடவேண்டும். பத்தில் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிட்டு மீதி எட்டின் சராசரியை எடுங்கள். இந்தச் சிறிய அளவில் வித்தியாசம் சில அடிகளுக்குள்தான் வரும். சில நாள் வராமலும் போகும். வராத நாளில் விரல்களின் வளைவை ஐந்து பாகை குறைத்து, மறுபடி பத்து முறை விடுங்கள்.