படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆள் வைக்கும்போது

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்தவர்கள் வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆள் வைத்தால், "அக்கா, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். போனதும் நான் கேட்கிற முதல் கேள்வி: வந்திருப்பவர் நர்ஸா, அட்டெண்டரா?

ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்ஸிங் என ஏதாவது ஒரு நர்ஸிங் படிப்பை முடித்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். பதிவுச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள். அட்டெண்டர் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், டயப்பர் மாற்றலாம். ஊசி போடுவதையும் மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் மாற்றுவதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். "எனக்குத் தெரியும், நானே பண்றேன்" என்று அவரே சொன்னாலும் வேண்டாம்.

அடுத்தது தோல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டாச்சே என்று திருப்பாமல் விடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. தினமும் உடம்பு துடைக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், பின்மண்டை, இந்த இடங்களைப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கறுத்தோ இருந்தால் அதே அர்த்தம்தான். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதாக இருந்தால், தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். சிறுநீர்க் குழாயோடு இணைத்த பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும்; தரையில் மட்டும் படக் கூடாது.

இதெல்லாம் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். "2.00 மணி. இடது பக்கம். கஞ்சி 200 மி.லி. சிறுநீர் 300 மி.லி. வலது குதிகால் கறுப்பு." இவ்வளவு எழுதினால் போதும். எழுதச் சிரமப்படுபவர் என்றால் கட்டம் போட்டுக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லுங்கள். ஆனால் தினமும் ராத்திரி வீட்டில் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். நாள் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, நேரமெல்லாம் முழு மணி என்றிருந்தால் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது அது. ஏஜென்சி ஆளை மாற்றும்போது, பழையவர் கிளம்புவதற்கு முன் இருவரும் சேர்ந்து அந்த நோட்டைப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 24 மணி நேரமும் ஒரே ஆள் என்றால், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து திருப்புகிறவர் எப்போது தூங்குவார்? ராத்திரியில் சில முறை நீங்கள் எழுந்திருங்கள், அல்லது இரண்டாவது ஆள் வையுங்கள். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடும் படுக்க ஒழுங்கான இடமும் கொடுங்கள். தூக்கம் கெட்டவர் கையில் மாத்திரை மாறும்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வலி நிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியவரை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் 14567 முதியோர் உதவி எண். அவசரத்துக்கு 108. இந்த எண்ணை வீட்டு முகவரி, பக்கத்து அடையாளத்தோடு சேர்த்துக் கட்டிலுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெளியூரிலிருந்து வந்த அட்டெண்டருக்கு உங்கள் தெருப் பெயர் தெரிந்திருக்காது.