பாகலைப் பிடுங்காதீங்க: பூசணிக் குடும்பத்தில் விதை எடுப்பவர்கள் விடும் பிழைகள்

விதையைக் காயவைக்காமல் போத்தலில் அடைப்பது, பிஞ்சுக் காயில் விதை எடுப்பது, இதெல்லாம் ஒரு தடவை பூஞ்சணம் பிடித்தாலே விளங்கிவிடும். அதை விடுவோம். மட்டக்களப்பின் களுதாவளைப் பக்கத்து மணல் தோட்டங்களில் புதிதாக விதை சேர்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விடுகிற வேறு பிழைகள் இருக்கின்றன. பூசணிக் குடும்பத்தில் யாருக்கு யார் சொந்தம் என்று தெரியாததால்தான் அவை வருகின்றன.

தகப்பனைக் காயில் தேடுவது

ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி. கச்சான் காற்று வீசிய நாட்களில் கெக்கரி (கியூக்கம்பர்) கசந்துவிட்டதென்று, பூவும் பிஞ்சுமாக நின்ற பாகல் பந்தலை வேரோடு இழுத்துப் போட்டுவிட்டார். "பாகல் மகரந்தம் பட்டுத்தான் அண்ண கசந்து போச்சு" என்கிறார். சந்தைக்குப் போகவேண்டியது அவ்வளவும் வெயிலில் வாடிக் கிடந்ததைப் பார்த்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாகலும் கெக்கரியும் ஒரே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு. பாகலுக்கு நிறமூர்த்தங்கள் (பரம்பரை இயல்பைக் காவும் குரோமோசோம்கள்) 22, கெக்கரிக்கு 14. ஒன்றின் மகரந்தத்தில் மற்றது விதை கட்டாது. சரி, கலந்ததென்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அந்தக் காயின் சுவை மாறாது. நாம் சாப்பிடும் சதை பெண்பூவின் சூலகம் பருத்து வந்தது, முழுக்கத் தாய்க்கொடியின் உடம்பு. தகப்பனின் பங்கு விதைக்குள் மட்டும்தான் இருக்கும். கசப்பைத் தருவது குக்குர்பிற்றாசின் என்ற பொருள். கெக்கரியின் இலையில் அதை ஒரு பரம்பரையலகும் (ஜீன்) காயில் வேறொன்றும் இயக்குவதாக 2014இல் கண்டுபிடித்தார்கள். இரண்டும் அந்தக் கொடிக்கே உரியவை. தண்ணீர் குறைந்து வெக்கை கூடினால் கசப்பும் கூடும். வேரடியை வைக்கோலால் மூடித் தண்ணீரைக் கூட்டியிருந்தால் கெக்கரியும் தேறியிருக்கும், பாகலும் நின்றிருக்கும்.

உண்மையான ஆபத்து அதே தோட்டத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தது. அங்கே அவருடைய அம்மம்மா காலத்து வெள்ளரி, பழுத்ததும் தானாக வெடித்து மாப்போலப் பிளக்கும் வகை. அதற்குப் பக்கத்திலேயே, கடையில் வாங்கிய விதையில் வந்த வலைத்தோல் மெலன். பார்வைக்கு இரண்டும் வேறு பழம் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே இனம், இரண்டுக்கும் நிறமூர்த்தங்கள் 24, தேனீ போய்வந்தால் தாராளமாகக் கலந்துவிடும். அந்தப் போகத்தில் வெள்ளரிப்பழம் வழமைபோலவே வெடித்தது, வழமைபோலவே ருசித்தது, அதை நம்பி விதை எடுத்து ஊரெல்லாம் கொடுத்தார். அடுத்த போகத்தில் வந்த பழங்களில் பல வெடிக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. ஒரே பழத்துக்குள்ளே சில விதை சொந்த மகரந்தத்தில் வந்திருக்கும், சில மெலன் மகரந்தத்தில் வந்திருக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. கலந்ததில் மறுபடி விதை எடுத்தால் அதற்கு அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும். பாகலில் போனது ஒரு போக வருமானம். வெள்ளரியில் போனது ஒரு குடும்பம் இவ்வளவு காலம் காப்பாற்றிவந்த வகை.

விதைக்காகப் பயிரிடுபவர்கள் இரண்டு வகைகளுக்கிடையே 500 தொடக்கம் 1000 மீற்றர் வரை விடுவார்கள். நம்முடைய துண்டுக் காணிகளில் அது நடக்காது. மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல்நாள் பின்னேரமே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் பிரித்துக் கையால் மகரந்தம் தடவி, பெண்பூவைத் திரும்பவும் கட்டி, காம்பில் நிற நூல் ஒன்று போடுங்கள். அந்த நூல் இருக்கும் பழத்தில் மட்டும் விதை எடுங்கள்.

தோற்றத்தை வைத்து உறவு சொல்வது

சுருள்தந்து இருக்கிறதே என்று கொடித்தோடையைப் பூசணிக்குச் சொந்தமாக்குகிறார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன், 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர்கள் பெந்தமும் ஹூக்கருமே இரண்டு குடும்பத்தையும் ஒரே வரிசையில்தான் வைத்தார்கள். டிஎன்ஏவைப் படித்த பிறகு பூசணிக் குடும்பம் பெகோனியா என்ற பூச்செடியின் பக்கம் போய்விட்டது. பற்றிப் படரும் பழக்கம் இரண்டு வழியிலும் தனித்தனியாக வந்திருக்கிறது.

நிறமூர்த்த எண்ணை மட்டும் நம்புவதும் இதே பிழைதான். பாகல், புடோல், சுரை, வத்தகை எல்லாவற்றுக்கும் 22, ஆனாலும் ஒன்றோடொன்று சேராது. பூசணிக்கும் நீத்துப்பூசணிக்கும் இடையில்கூடத் தூரம் விடத் தேவையில்லை. இவை பிறந்த இடங்களே எவ்வளவு விலகி இருக்கின்றன பாருங்கள்: சுரையும் வத்தகையும் ஆப்பிரிக்கா, பூசணி அமெரிக்கா, கெக்கரி இமயமலை அடிவாரம். 2010இல் வந்த ஆய்வின்படி வெள்ளரிக்கு மிக நெருங்கிய காட்டு உறவு ஒன்று அவுஸ்திரேலியாவில் இருக்கிறது.

எல்லாப் பூவுக்கும் காலையில் போவது

பூசணிப்பூ விடியும்போது விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும், பாகலும் காலையில்தான். சுரையும் பீர்க்கும் பின்னேரத்தில் விரிபவை, புடோல் இரவில் விரிந்து விட்டில்களை அழைப்பது. சுரைக்கும் புடோலுக்கும் வெள்ளைப் பூ எதற்காக என்று யோசித்தாலே நேரம் பிடிபடும். காலை ஏழு மணிக்குப் போய்ச் சுரைப்பூவுக்கு மகரந்தம் தடவிவிட்டு, பிஞ்சு உதிர்கிறதே என்று கவலைப்படாதீங்க. பொழுதுபடும் நேரம் போங்க.

எஃப்1 (இரண்டு வகையைக் கலந்த முதல் தலைமுறை) பைக்கற் கொடியில் விதை எடுப்பது

வேண்டாம்.

கசந்த சுரைக்காயை வீணாக்காமல் சமைப்பது

கெக்கரியில் நுனி லேசாகக் கசந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் பார்க்கலாம். சுரையில் அந்த விளையாட்டு வேண்டாம். கசப்பென்றால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள், அவித்தாலும் அந்த நஞ்சு போகாது, இந்தியாவில் கசப்புச் சுரைச் சாறு குடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அந்தக் கொடியில் விதையும் எடுக்காதீங்க.