ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பியானோ

அம்மா போன பிறகு நாலு மாசம் எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. வீடு கிருஷ்ணகிரியில், பெங்களூர் ரோட்டை ஒட்டி. ராத்திரி இரண்டு மணிக்கு லாரி ஹாரனில் விழித்தால், ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த கடைசி இரவு கண்முன் வந்து நிற்கும்.

முதலில் பழைய சினிமாப் பாட்டு போட்டேன். வரிகள் அம்மாவையே இழுத்து வந்தன, அழுகைதான் மிச்சம். வார்த்தையே இல்லாத ஒன்று வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் எரிக் சாட்டி 1888-இல் பியானோவுக்கு எழுதிய 'ஜிம்னோபீடி' என்ற மூன்று சிறு இசைத் துண்டுகளில் முதலாவது கிடைத்தது. மூன்று நிமிடம் சொச்சம்தான். இடது கை கீழே ஒரு சுரத்தைத் தொடும், பிறகு சற்று மேலே சில சுரங்களைச் சேர்த்து மெல்ல வைக்கும். ஏறக்குறைய கடைசி வரை அதே நடை. அவசரமே கிடையாது. கேட்கக் கேட்க என் மூச்சும் அந்த நடைக்கு இறங்கி வந்தது.

இணையத்தில் கேட்டபோது நடுவில் விளம்பரம் அலறித் தூக்கிவாரிப் போட்டது. அதனால் டவுன்லோட் செய்து, அது மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன். இயர்போன் வேண்டாம், காது வலிக்கும். போனைக் கவிழ்த்து அலமாரியில் வைத்து, ஃபேன் சத்தத்துக்குச் சற்றே மேல் ஒலி. அரை மணிக்கு டைமர்.

முதல் வாரம் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் ஒருநாள் லாரி போனதே தெரியாமல் விடிந்திருந்தது. அம்மா நினைப்பு இப்போதும் வருகிறது. ஆஸ்பத்திரி முகமாக இல்லை. வைக்கோலில் மாங்காய் அடுக்கிக்கொண்டே திரும்பிப் பார்ப்பாளே, அந்த முகமாக.