பித்தளையும் பியானோ கம்பியும்: ஸ்லாட் கார் சேஸியைக் கையால் கட்டும் முறை

முதலில் ஒரு கண்ணாடித் துண்டு தேடி எடுங்கள். பழைய அலமாரிக் கதவின் கண்ணாடி போதும், 6 மில்லிமீட்டராவது கனம் இருக்க வேண்டும். சால்டரிங் அயர்ன், கம்பி, பித்தளை எல்லாம் பிறகு வாங்கலாம். சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், சமதளமாக உட்காருகிறதா என்று உண்மையைச் சொல்வது இந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கிறது, எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நான் எண்ணெய் ஆலைப் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து பலகையில் நான்கு தடம் போட்டிருக்கிறோம். சனிக்கிழமை இரவில் 1/24 அளவு கார் ஓட்டுவோம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தடத்தின் நடுவே ஒரு வெட்டுப்பள்ளம், அதன் இரு பக்கமும் செம்புப் பின்னல், அதில் 12 வோல்ட் மின்சாரம். காரின் மூக்கில் இருக்கும் கைடு அந்தப் பள்ளத்தில் நுழைந்து ஓடும். திருப்புவதற்கு ஸ்டியரிங் கிடையாது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கையில் இருக்கும் டிரிகர்தான் எல்லாம்.

அதனால் வளைவில் கார் நிற்பதும் பறப்பதும் பெரும்பாலும் சேஸியின் வேலை. கடையில் கிடைக்கும் தகட்டுச் சேஸியும் ஓடும். ஆனால் எந்த இடம் இறுக்கமாக இருக்க வேண்டும், எந்த இடம் தளர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்வது கையால் கட்டும்போது மட்டும்தான். நான் சொல்லப் போவதெல்லாம் அந்த இறுக்கம், தளர்வு பற்றித்தான்.

சாமான்கள் அதிகம் இல்லை. 1.6 மில்லிமீட்டர் கனப் பித்தளைப் பட்டை, 6 மற்றும் 12 மில்லிமீட்டர் அகலத்தில். பியானோ கம்பி 1.2, 1.4, 1.6 மில்லிமீட்டர். கம்பி உள்ளே நுழைகிற அளவுக்குச் சன்னமான பித்தளைக் குழாய். பின் அச்சு 3/32 அங்குலம், அது உள்ளே சுழல்வதற்கேற்ற வெண்கலப் புஷ் இரண்டு. மோட்டார் எஃப்கே-180 வகை. சைக்கிள் ஸ்போக்கைப் போட்டுப் பார்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். இப்போது வருகிற ஸ்போக் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, அதில் ஈயம் எளிதில் பிடிக்காது. பிடித்தாலும் பியானோ கம்பியின் துள்ளல் அதற்கு வராது.

பியானோ கம்பியைச் சாதாரணக் குறட்டால் வெட்டாதீர்கள். குறட்டின் வாய் பல் விழுந்துவிடும், துண்டு தெறித்துக் கண்ணுக்கு வரும். சிறிய வெட்டும் டிஸ்க் போட்டு அறுங்கள். கண்ணாடி அணியாமல் அந்த மெஷினைத் தொடவே கூடாது.

சால்டரிங் செய்வதற்கு நான் செங்கால் மரப்பலகையை இழைத்து வைத்திருக்கிறேன். அலுமினியத் தகட்டின் மேல் வைத்துப் பற்றவைத்தால் சூட்டை அது உறிஞ்சிவிடும். பலகையில் கட்டத்தாள் ஒட்டி, நடுக்கோடு கிழித்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையே 100 மில்லிமீட்டர். முன் அச்சிலிருந்து கைடு துளை 25 மில்லிமீட்டர் முன்னால். இந்த 25-ஐக் கூட்டினால் கார் நிதானமாக வளைவுக்குள் போகும், குறைத்தால் சட்டென்று திரும்பும், ஆனால் வாலும் சட்டென்று வீசும். முதல் காருக்கு 25-இலேயே நில்லுங்கள். கோடுகளை ஒட்டிச் சின்ன ஆணி அடித்துத் தலையை அறுத்துவிட்டால், பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் ஜிக் அதுவே.

பின்பக்கத்தில் தொடங்க வேண்டும். மோட்டார் தாங்கியில் இரண்டு புஷ்களையும் வைத்து, ஒரே அச்சை இரண்டிலும் நுழைத்து, அது தடையில்லாமல் சுழலும் நிலையில் பற்றவையுங்கள். இதற்கு நல்ல அச்சைப் பயன்படுத்தாதீர்கள், ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் ஆசிட் ஃப்ளக்ஸ் பட்டால் துருப்பிடிக்கும். பழைய அச்சில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி நுழையுங்கள். கரி இருக்கும் இடத்தில் ஈயம் ஒட்டாது. இதே கரி பின்னால் கீல் செய்யும்போதும் தேவைப்படும், கொஞ்சம் அதிகமாகவே பிடித்து வையுங்கள். மோட்டாரை அச்சுக்கு நேர் இணையாக வைக்க இடம் போதாது. சுமார் 25 பாகை சாய்த்து வைப்பதைத்தான் ஆங்கிள்வைண்டர் என்கிறார்கள். 1960-களின் கடைசியில் அந்த முறை வந்த பிறகு பந்தயக்காரர்கள் பழைய அமைப்புகளைக் கைவிட்டார்கள். பாரம் பின் சக்கரத்துக்கு அருகிலும் தாழ்வாகவும் வந்துவிடுகிறது.

அடுத்தது பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் இணைக்கும் தண்டவாளக் கம்பிகள். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 1.4 கம்பி இரண்டு. கம்பியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், குதித்தால் வளைவு இருக்கிறது. நேராக்குங்கள். வளைக்க வேண்டிய இடத்தில் வளைத்து ஜிக்கில் போட்டால் அது தானாகப் படுத்துக் கிடக்க வேண்டும். ஒரு விரலால்கூட அமுக்கக் கூடாது. அமுக்கிப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தால் அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். ஜிக்கிலிருந்து எடுத்தவுடன் சேஸி முறுக்கிக்கொள்ளும். அன்று தப்பினாலும் ஒரு மோதலுக்குப் பிறகு முறுக்கும். என் அம்மா கித்தா மரம் சீவியவர். உளி பட்டையில் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க மாட்டார், மணிக்கட்டால் அறிவார். கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம். கம்பி வளைப்பதும் அந்த மாதிரிதான். அரை மில்லிமீட்டர் தப்பாக வளைந்த கம்பியைத் திருத்தித் திருத்தி உட்கார வைப்பதைவிட, புதிதாக ஒன்று வளைப்பது நல்லது. என் முதல் ஆறு சேஸியில் நான்கு முறுக்கியது இந்த ஒரே காரணத்தால்.

கம்பியின் கனம் கொஞ்சம் மாறினாலும் விறைப்பு மிக அதிகமாக மாறும். விட்டத்தின் நான்காம் அடுக்காக அது ஏறும். 1.2-இலிருந்து 1.4-க்குப் போனால் 85 விழுக்காடு கூடுதல் விறைப்பு. அதனால்தான் நான் 1.4-ஐ இரண்டாகப் போடுகிறேன். இரண்டு கம்பியையும் இரு முனையில் மட்டும் பற்றவைத்தால் நடுப்பகுதி தனித்தனியாக வளையும், சேஸி மென்மையாக இருக்கும். நடுவில் ஒரு சொட்டு ஈயம் வைத்து இரண்டையும் சேர்த்தால் விறைக்கும். ஓட்டிப் பார்த்த பிறகு இந்தச் சொட்டை வைக்கலாம், எடுக்கலாம். கடைச் சேஸியில் இது நடக்காது.

பற்றவைக்கும் ஈயத்தில் 63/37 வகையை (வெள்ளீயம் 63, ஈயம் 37) கேட்டு வாங்குங்கள். 183 பாகை செல்சியஸில் ஒரே நொடியில் திரவத்திலிருந்து கெட்டியாகும். 60/40 கொஞ்ச நேரம் கூழாக நிற்கும், அந்த நேரத்தில் கை அசைந்தால் பற்று கெட்டது. அயர்ன் 80 வாட், முனை அகலமாக இருக்கட்டும். சின்ன அயர்னை நீண்ட நேரம் பிடிப்பது கம்பியின் துள்ளலைக் கொல்லும். பெரிய அயர்னால் மூன்று நான்கு நொடியில் முடித்துவிடலாம். இரண்டு முகத்தையும் மணல்தாளால் தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, தனித்தனியே ஈயம் பூசிவிட்டு அப்புறம் சேருங்கள். நல்ல பற்று வெள்ளி மாதிரி மின்னி ஓரத்தில் சரிந்திருக்கும். சாம்பல் நிறமாகச் சொரசொரவென்று இருந்தால் மறுபடி சூடு காட்டுங்கள். பக்கத்துப் பற்று உருகாமல் இருக்க அதன் மேல் ஈரத்துணி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள், ஈயம் ஈயம்தான். மோட்டார் ஒயரை ஒட்டும்போது மட்டும் ஆசிட் வேண்டாம், ரோசின் ஃப்ளக்ஸ் போடுங்கள்.

முன்னால் கைடைத் தாங்கும் நாக்கு ஒன்று, முன் அச்சுக் குழாய் ஒன்று. இவற்றில் சொல்ல அதிகமில்லை. கைடு துளை நடுக்கோட்டில் இருந்தால் சரி.

பக்கத் தட்டுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பேன் என்று சொல்வோம். 12 மில்லிமீட்டர் பட்டையில் 60 மில்லிமீட்டர் வெட்டினால் ஏறக்குறைய 10 கிராம். பக்கத்துக்கு ஒன்று. இதை நடுச் சட்டத்தோடு நேராகப் பற்றவைக்கக் கூடாது. சின்னக் குழாய்த் துண்டுகளைப் பேனில் ஒட்டி, அதற்குள் கம்பி நுழைத்துக் கீல் மாதிரி தொங்கவிட வேண்டும். கம்பியில் கரி பூச மறக்காதீர்கள், இல்லையென்றால் ஈயம் உள்ளே ஓடி எல்லாம் ஒன்றாகிவிடும். மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் ஆட்டம். காரின் மேல் உடல் இந்தப் பேனில்தான் மாட்டும். வளைவில் உடல் சாய்ந்து ஆடும்போது அந்த ஆட்டம் பேனோடு நிற்கும், பின் சக்கரத்துக்கு நேராகப் போகாது. டயர் தடத்தைவிட்டு எழும்பாமல் இருப்பது இதனால்தான்.

எல்லாம் முடிந்ததும் சமையல் சோடா கலந்த வெந்நீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் நம் ஊர்க் காற்று ஈரத்துக்கு இரண்டே நாளில் கம்பி சிவக்கும். நன்றாகத் துடைத்து, உலர்த்தி, மெல்ல எண்ணெய் தடவுங்கள்.

இப்போது கண்ணாடி. சேஸியை அதன் மேல் வைத்து நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஏதாவது ஒரு மூலையில் டிக் என்று சத்தம் வந்தால் முறுக்கு இருக்கிறது. கையால் எதிர்ப்பக்கம் மெதுவாக முறுக்கி, சந்தேகப்படும் பற்றுக்கு ஒருமுறை சூடு காட்டுங்கள். உள்ளே இருந்த இழுப்பு விடுபட்டுச் சேஸி படுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த வேலைக்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் போகட்டும்.

சக்கரம் மாட்டுங்கள். பின் டயர் ஸ்பாஞ்சு ரப்பர். நல்ல பிடிப்புள்ளது இயற்கை ரப்பரில்தான் வருகிறது. நம் தாத்தா பாட்டி மங்கில் பிடித்த அதே பால். ரிம்மில் ஒட்டி, சுழலவிட்டு, பலகையில் ஒட்டிய மணல்தாளில் 20.5 மில்லிமீட்டர் விட்டம் வரும்வரை தேயுங்கள். அழுத்தினால் சூடேறிப் பிசுபிசுக்கும், தொட்டும் தொடாமலும் தேயுங்கள். பல்சக்கரத்தைப் பொருத்தும்போது நடுவே நாளிதழ்த் துண்டு ஒன்றை வைத்து இறுக்கி, பிறகு உருவிவிடுங்கள். அந்த இடைவெளி போதும்.

கியர் கணக்கு சுலபம். 20.5 டயரின் சுற்றளவு 64.4 மில்லிமீட்டர். மோட்டாரில் 10 பல் பினியனும் (சின்னப் பல்சக்கரம்) அச்சில் 38 பல் ஸ்பரும் (பெரிய பல்சக்கரம்) போட்டால் மோட்டார் ஒரு சுற்றுக்குக் கார் 16.9 மில்லிமீட்டர் நகரும். பினியனை 11 ஆக்கினால் 18.6. நேர்தடத்தில் வேகம் கூடும், ஆனால் டிரிகரை விட்டதும் மோட்டார் பிடிக்கும் பிரேக் குறையும். எங்கள் தடம் சின்னது, வளைவு அதிகம், ஆகவே 10. டயர் தேய்ந்து 19.5 ஆனால் அதே கியரில் 16.1-க்கு இறங்கிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உயரம் பார்க்க இரண்டு கண்ணாடித் துண்டை 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்துக் கைடை அதில் இறக்குங்கள். கைடில் இருக்கும் பின்னல் இரண்டும் கண்ணாடியைத் தட்டையாகத் தொட வேண்டும். முன் டயருக்கு அடியில் ஒரு தாள் துண்டு லேசான இழுப்போடு வெளியே வர வேண்டும். தாள் சிக்கினால் முன் டயர் பாரத்தைத் தாங்குகிறது, கைடு பள்ளத்தில் அழுந்தாது. கைடுக்கு மேலிருக்கும் வாஷரில் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். என் கார் எல்லாம் சேர்ந்து 112 கிராம்.

தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பத்துச் சுற்று ஓட்டி நோட்டில் எழுதுங்கள். மூக்கு வெளியே வந்தால் கைடுக்குப் பின்னால் 2 கிராம் ஈயத் தகடு. வால் சரியாமல் துள்ளினால் சேஸி விறைப்பு, நடுச்சொட்டை எடுங்கள். வால் வழவழவென்று சரிந்தால் முதலில் சேஸியைத் தொடாதீர்கள், டயரை ஒட்டுநாடாவில் உருட்டித் தூசி எடுங்கள். சாயங்காலம் மழை பெய்த நாளில் எங்கள் மாடியில் பிடிப்பே மாறிவிடும், அன்றைக்கு எழுதியதை மற்ற நாளோடு ஒப்பிடாமல் ‘மழை’ என்று ஓரத்தில் குறித்து வைப்பேன்.

போன மாதம் அக்கா மகன் காரோடு வந்தான். “மாமா, மூணாவது வளைவுல மட்டும் பின்னாடி துள்ளுது. போன வாரம் நல்லாத்தான் ஓடுச்சு.”

“என்ன மாத்தினே?”

“ஒண்ணும் மாத்தல. பாடி மட்டும் புதுசு.”

காரைத் திருப்பி விரலால் பேனைத் தொட்டேன். இடதுபக்கம் ஆடியது, வலதுபக்கம் அசையவில்லை. புது உடலை ஒட்டும்போது அவன் போட்ட நாடா பேனையும் நடுச் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. பிளேடால் ஒரு விரற்கடை அளவு நாடாவை அறுத்தேன். பேன் டக்கென்று அரை மில்லிமீட்டர் இறங்கியது. அவன் காரை எடுத்துக்கொண்டு தடத்துக்கு ஓடினான்.