அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய பதினைந்து மாதங்கள்

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு மருத்துவப் படிப்பில் சேர்வது என்றாலே மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு ஆகிய மூன்றும்தான் நினைவுக்கு வரும். பட்டியலில் நம் எண்ணுக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தால், இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். அமெரிக்காவில் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் நாம் அதே கண்ணோடு ‘கட் ஆஃப் எவ்வளவு’ என்று கேட்கிறோம். இங்கே அப்படி ஒரு கோடு கிடையாது. மே மாதத்தில் விண்ணப்பத் தளம் திறப்பதிலிருந்து அடுத்த ஆண்டு ஜூலை அல்லது ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் வரை ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் நீளும் இந்த நடைமுறையில், முதல் நான்கு மாதங்களின் வேகம் மட்டுமே விண்ணப்பதாரரின் கையில் இருக்கிறது. மீதிக் காலத்தின் வேகத்தைக் கல்லூரிகளே தீர்மானிக்கின்றன. இந்த வேறுபாட்டை என் மகள் விண்ணப்பித்த ஆண்டில் நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன். அதனால்தான் இந்த வழிகாட்டியைப் பிள்ளைகளைவிடப் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டில் எம்.டி. பட்டம் (இங்கே இளநிலைப் பட்டத்துக்குப் பின் படிக்கும் அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு சுமார் 52,500 பேர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 23,000 பேர். சேர்ந்தவர்களின் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண் சராசரியாக 511.7; இளநிலைப் படிப்பின் மதிப்பெண் சராசரியைக் குறிக்கும் ஜி.பி.ஏ. சராசரியாக 3.77. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டில் சேரவில்லை என்பதே இந்தக் கணக்கின் பொருள். முதல் முயற்சியில் இடம் கிடைக்காமல் போவது இந்த நாட்டில் மிகவும் வழக்கமான ஒன்று என்பதை வீட்டில் உள்ள அனைவரும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டால், பின்னால் வரும் மாதங்களைக் கடப்பது எளிதாக இருக்கும்.

விண்ணப்பத்தைத் தொடங்கும் முன் குடியேற்ற நிலையைப் பாருங்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் வந்து, கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களைச் சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளை 21 வயதை எட்டும்போது அந்தத் தகுதியை இழந்து, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கிறது. மழலையர் பள்ளியிலிருந்து இங்கேயே படித்த பிள்ளையாக இருந்தாலும், பல மருத்துவக் கல்லூரிகள் அப்போது அவரை வெளிநாட்டு மாணவராகவே கருதும். பெரும்பாலான கல்லூரிகள், குறிப்பாக மாநில அரசுக் கல்லூரிகள், குடிமக்களையும் கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் மட்டுமே ஏற்கின்றன. வெளிநாட்டு மாணவர்களை ஏற்கும் தனியார் கல்லூரிகளில் சில, ஓராண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட காலத்துக்கான கட்டணத்தை முன்கூட்டியே வைப்புத்தொகையாகக் கட்டச் சொல்கின்றன. கூட்டரசு மாணவர் கடனும் இவர்களுக்குக் கிடைக்காது. பிள்ளை இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே குடியேற்ற வழக்கறிஞரிடம் இதைப் பேசிவிடுங்கள். விண்ணப்பக் கட்டணங்களைக் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது போன்ற வேதனை வேறில்லை.

விண்ணப்பிக்க மூன்று வாசல்கள் உள்ளன. எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம்; டி.ஓ. என்ற இன்னொரு மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கு ஆகோமாஸ். டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தது 90 விழுக்காடு இடங்கள் அம்மாநிலத்தவருக்கே உரியவை என்பதால், டாலஸிலும் ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் வாழும் குடும்பங்கள் இந்த வாசலைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். டி.ஓ. பட்டத்தைக் குறைவாகப் பேசும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. டி.ஓ. மருத்துவர்களுக்கு ஐம்பது மாநிலங்களிலும் எம்.டி. மருத்துவர்களுக்கு உள்ள அதே முழு உரிமை உண்டு.

எம்கேட் தேர்வு நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. இடைவேளைகளையும் சேர்த்தால் ஏழரை மணி நேரம் பிடிக்கும். முடிவு வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் ஏப்ரலுக்குள் எழுதிவிடுவதே என் பரிந்துரை. ஓராண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என்ற வரம்பு இருப்பதாலும், எழுதிய எல்லா மதிப்பெண்களும் கல்லூரிகளின் பார்வைக்குச் செல்லும் என்பதாலும், ‘சும்மா ஒரு முறை எழுதிப் பார்’ என்று பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

ஆம்காஸ் விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். ஜூன் இறுதியில் கல்லூரிகளுக்கு அனுப்பத் தொடங்குகிறார்கள். இறுதித் தேதி அக்டோபர், நவம்பர் என்று கல்லூரிக்குக் கல்லூரி இருந்தாலும் அந்தத் தேதியை நம்பக் கூடாது. பல கல்லூரிகள் விண்ணப்பங்களை வந்த வரிசையில் படித்து, நேர்காணல் இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. ஜூனில் வந்த விண்ணப்பம் காலியான அரங்கில் நுழைகிறது. அக்டோபரில் வருவதோ நிரம்பிய அரங்கின் வாசலில் நிற்கிறது.

சமர்ப்பித்த பிறகு, பிள்ளை விண்ணப்பத்தில் பதிவுசெய்த ஒவ்வொரு பாடத்தையும், கல்லூரியிலிருந்து நேரடியாக வரும் டிரான்ஸ்கிரிப்டுடன் (பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய சான்று) ஆம்காஸில் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். கூட்டம் மிகுந்த வாரங்களில் இதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிடும். எங்கள் வீட்டில் நேர்ந்த பிழை இங்கேதான். என் மகள் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அருகிலிருந்த சமுதாயக் கல்லூரியில் இரண்டு பாடங்களைக் கல்லூரிக் கணக்கில் முடித்திருந்தாள். பள்ளிக் காலத்துப் பாடங்கள்தானே என்று நாங்கள் அந்த டிரான்ஸ்கிரிப்டை அனுப்பவில்லை. கல்லூரிக் கணக்கில் எடுத்த எந்தப் பாடமாக இருந்தாலும், எந்த வயதில் எடுத்திருந்தாலும், அதன் டிரான்ஸ்கிரிப்ட் தேவை. விண்ணப்பம் திரும்பி வந்து, மீண்டும் வரிசையின் கடைசியில் நின்று, சரிபார்ப்பு முடியும்போது ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஏப்ரல் மாதமே அமர்ந்து, பிள்ளை காலடி வைத்த எல்லாக் கல்லூரிகளையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

விண்ணப்பக் கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகள் மட்டுமே இடம். செயல்பாடுகள் அதிகபட்சம் பதினைந்து; ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள்; அவற்றுள் மிக முக்கியமானவை என்று தேர்ந்தெடுக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள். பதினைந்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஊரில் இருக்கும் பாட்டியின் நோயும் மருத்துவர்களான உறவினர்களும் அடிக்கடி வருகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் பாட்டி நோயுற்றதற்குப் பிறகு பிள்ளை என்ன செய்தார் என்பதைத்தான் படிப்பவர் தேடுகிறார். முதியோர் இல்லத்தில் ஈராண்டு தொடர்ந்து உணவு ஊட்டிய அனுபவம், ஒரு வாரம் மட்டும் சென்று வந்த வெளிநாட்டு மருத்துவ முகாமைவிட எடை மிகுந்தது என்பது என் உறுதியான கருத்து. கட்டுரையைப் பெற்றோர் திருத்தி எழுத வேண்டாம். ஐம்பது வயதுக்காரரின் குரல் இருபத்தொரு வயதுக் கட்டுரையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு வெளியிடும் எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் வெளி மாநிலத்தவரை எவ்வளவு ஏற்கிறது, வெளிநாட்டு மாணவர்களை ஏற்கிறதா, சேர்ந்தவர்களின் மதிப்பெண் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பன அதில் உள்ளன. ஊரில் பெயர் தெரிந்த ஐந்து கல்லூரிகளை மட்டும் பட்டியலிடுவது பெரும் பிழை. பதினைந்து முதல் இருபது வரை விண்ணப்பிப்பது வழக்கம். சொந்த மாநிலத்து அரசுக் கல்லூரிகள் அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு ஏறத்தாழ 175 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்குச் சற்று மேல் கட்டணம். இதற்குப் பிறகு கல்லூரிகள் தனித்தனியே கேட்கும் கட்டணமும் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டண உதவித் திட்டம் இருக்கிறது. ஆனால் கட்டிய பணத்தைத் திரும்பத் தர மாட்டார்கள் என்பதால், சமர்ப்பிக்கும் முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஜூலையில் ‘செகண்டரி’ எனப்படும் இரண்டாம் கட்டக் கேள்விகள் வரத் தொடங்கும். எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எந்தத் தோல்வியிலிருந்து கற்றீர்கள், உங்களிலிருந்து மாறுபட்ட ஒருவரோடு எப்படிப் பணியாற்றினீர்கள் என்பன போன்ற கேள்விகளுக்குக் கல்லூரிதோறும் பதில் எழுத வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் திருப்பி அனுப்புவது நல்ல வழக்கம். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே கேள்விகளையே கேட்பதால், ஜூனில் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கும் வாரங்களில் முன்வரைவு எழுதிவிடலாம். இந்தக் கோடையில் பிள்ளையைக் குடும்பத்தோடு ஊருக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

அதன் பிறகு மௌனம் தொடங்குகிறது. நேர்காணல் அழைப்புகள் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை வரக்கூடும். ஒரு கல்லூரி நான்கு மாதங்கள் பேசாமல் இருந்து ஜனவரியில் அழைப்பதும் உண்டு. ஆகவே மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைப்பு மின்னஞ்சலில் வரும்; நேர்காணல் தேதிகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் அன்றே பதிலளிக்க வேண்டும். மின்னஞ்சலின் ஸ்பாம் பகுதியை நாள்தோறும் ஒரு முறையும், கல்லூரிகளின் இணையக் கணக்குகளை வாரம் ஒரு முறையும் பார்த்தால் போதும். புதிய தேர்வு மதிப்பெண், வெளியான ஆய்வுக் கட்டுரை, புதிதாகத் தொடங்கிய வேலை போன்ற உண்மையான செய்தி இருந்தால், அதை ஏற்கும் கல்லூரிகளுக்கு மட்டும் சுருக்கமான கடிதம் அனுப்பலாம். ‘மேற்கொண்டு எதையும் அனுப்ப வேண்டாம்’ என்று எழுதியிருக்கும் கல்லூரிக்கு அனுப்பக் கூடாது. பெற்றோர் ஒருபோதும் சேர்க்கை அலுவலகத்துக்குத் தொலைபேச வேண்டாம். அக்கறையில்தான் அழைக்கிறோம் என்றாலும், நோயாளிகளின் பொறுப்பை ஏற்கப்போகிறவருக்காக இன்னொருவர் பேசுவதாகவே அது மறுமுனையில் கேட்கும்.

நேர்காணல் இரண்டு வகைப்படும். ஒன்று, ஓரிருவருடன் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ உரையாடும் பழைய முறை. மற்றொன்று, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் உருவாக்கிய எம்.எம்.ஐ. என்ற முறை: சில நிமிடங்களே நீளும் பல சிறு நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சூழலைப் படித்து, சிறிது யோசித்து, பேச வேண்டும். உடன் படிப்பவர் தேர்வில் ஏமாற்றியதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள், சிகிச்சையை மறுக்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவீர்கள் என்ற வகையில் சூழல்கள் அமையும். இவற்றுக்கு மனப்பாட விடை எடுபடாது. இரு பக்கங்களையும் சொல்லி, தெரியாததைக் கேட்டறிந்து, தன் முடிவைக் காரணத்தோடு சொல்லும் பழக்கமே தேவை. சாப்பாட்டு மேசையில் இத்தகைய சூழல்களைப் பேசுவதுதான் பெற்றோர் தரக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி. ஆனால் தந்தையோ தாயோ சொல்வதே சரி என்று பேச்சை முடித்துவிடாமல் இருக்க வேண்டும். மருத்துவராக விரும்புவது நீங்களா, உங்கள் பெற்றோரா என்ற ஐயம் நம் பிள்ளைகள்மீது எழுவதுண்டு. அதற்கான நேர்மையான பதில் பிள்ளையிடம் இருக்கிறதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே அறிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

முன்கூட்டிய முடிவுத் திட்டத்தில் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு எம்.டி. கல்லூரிகள் அக்டோபர் 15க்கு முன் இடம் வழங்குவதில்லை. அன்று செய்தி வராவிட்டால் வீட்டில் துக்கம் கடைப்பிடிக்க வேண்டாம். முடிவுகள் வசந்த காலம் வரை வந்துகொண்டே இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15க்குள் மூன்றாகவும், ஏப்ரல் 30க்குள் ஒன்றாகவும் குறைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் விட்டுத்தரும் இடங்களால்தான் காத்திருப்புப் பட்டியல்கள் நகர்கின்றன. ஆகவே மேயும் ஜூனுமே அதற்கான முக்கிய மாதங்கள். இடம் கொடுத்தால் உறுதியாகச் சேர்வேன் என்ற கடிதத்தை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுத வேண்டும். இரண்டு கல்லூரிகளுக்கு எழுதுவது பொய்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பணத்தையும் கணக்கிடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் மருத்துவ மாணவர்களுக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என்று வரம்பிடப்பட்டுள்ளது. முன்பு இந்த இடைவெளியை நிரப்பிய கிராட் பிளஸ் கடன் அவர்களுக்கு இல்லை. பெயர் பெற்ற தனியார் கல்லூரிக்கும் சொந்த மாநிலக் கல்லூரிக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் பதில் அனுப்ப வேண்டாம்.

மாதங்கள் நீளும்போது கோவிலிலும் தமிழ்ச் சங்க விழாக்களிலும் ‘என்ன ஆச்சு, எங்கே கிடைத்தது’ என்று எல்லோரும் விசாரிப்பார்கள். கேட்பவர்களுக்குப் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும். அதைப் பிள்ளையின் தலையில் சுமத்தக் கூடாது. எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார் என்பதை வெளியே சொல்லாமலே இருந்துவிட்டால் விசாரிப்புகளும் குறையும். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை ஒரு முறை மட்டும் இதைப் பேசுவது என்று முடிவு செய்தோம். அந்த ஆண்டில் நான் செய்தவற்றுள் மகளுக்கு உண்மையில் உதவியது அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் வரை ஒரு நேர்காணலும் வராவிட்டால், அல்லது எல்லாம் காத்திருப்புப் பட்டியலில் நின்றால், மறு விண்ணப்பத்தைப் பற்றி அப்போதே யோசிக்கத் தொடங்க வேண்டும். எதையும் மாற்றாமல் அதே விண்ணப்பத்தை ஜூனில் மீண்டும் அனுப்பினால் பெரும்பாலும் அதே முடிவே வரும். கருத்துச் சொல்ல முன்வரும் கல்லூரிகளிடம் குறை எங்கே என்று பிள்ளையே கேட்டு, எம்கேட்டா, நோயாளிகளுடனான அனுபவமா, கல்லூரிப் பட்டியலா என்று கண்டறிந்து, தேவையானால் ஓராண்டு பொறுத்து விண்ணப்பிப்பது நல்லது. மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இளநிலைப் படிப்புக்குப் பின் குறைந்தது ஓராண்டாவது இடைவெளி விட்டவர்களே. அந்த ஆண்டு வீணாகிவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் மறு விண்ணப்பத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டே கைப்பேசியை அருகில் வைத்திருக்க வேண்டும். ஜூலையில், சில நேரங்களில் வகுப்பு தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்புகூட அழைப்பு வரலாம். பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. தடுப்பூசிச் சான்றுகள், இறுதி டிரான்ஸ்கிரிப்ட், கடன் விண்ணப்பத்துக்கான எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவம் ஆகியவற்றை மே மாதமே ஒரே கோப்பில் சேர்த்து வைத்துவிடுங்கள். புதிய ஊரில் வீடு பார்ப்பதை மட்டும் அழைப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.